வேலையில் இருப்பதாகக் காட்டுகிறது

"நீங்க இன்னும் வேலையிலதாம்மா இருக்கீங்க" என்றார் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகக் கவுன்ட்டரில் இருந்த அம்மா.

நான் நம்பவில்லை என்று தெரிந்ததும் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயர், என் காப்பீட்டு எண், நான் வேலை பார்த்த கம்பெனியின் பெயர், அதற்கு நேராகப் பச்சையில் ஒரு சொல். வேலையில் இருப்பதாகக் காட்டுகிறது என்று மறுபடியும் சொன்னார். அப்போது நல்ல பகல். வேலையில் இருக்கிறவள் இந்த நேரத்தில் காரைக்காலில் உங்கள் கவுன்ட்டர் முன்னால் ஏன் நிற்கப் போகிறாள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. சிஸ்டத்துல இருக்கிறதத்தான் நான் சொல்ல முடியும். பின்னாடி ஆள் நிக்கிறாங்க, வழி விடுங்க."

வழி விட்டேன். அன்றைக்கு மட்டும்.

திருமலைராயன்பட்டினத்துக்கு மேற்கே, மருந்து பாட்டில்களுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனி ஒன்றில் நான் வேலை பார்த்தேன். செக்கிங் பிரிவு. மெஷினிலிருந்து விழும் மூடிகளை வெள்ளை விளக்கு எரியும் மேஜையில் பரப்பி, விளிம்பில் பிசிறு உண்டா, உள்ளே திருகு மரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருடம் அங்கே போனேன். அவள் கல்லூரிக்குப் போன பிறகும் அதே மேஜையில்தான் இருந்தேன். கடைசியில் அந்த மேஜைக்கு நான்தான் சூப்பர்வைசர். ஊருக்கு வந்தாலும் கண் சும்மா இருக்காது. டீக்கடைத் தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பேன்.

எங்கள் ஊரான குரும்பகரத்தின் கடைத்தெருவுக்குத் தினமும் காலையில் கம்பெனி வேன் வரும். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. டிரைவர் போனை எடுக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் நான்கு பேரும் பஸ் பிடித்துக் காரைக்கால் போய், அங்கே இன்னொரு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தால், கேட்டில் பூட்டு. புதுப் பூட்டு, கடையில் ஒட்டிய விலைச் சீட்டைக்கூட உரிக்கவில்லை. பக்கத்தில் ஒரு தாள். நிர்வாகக் காரணங்களால் உற்பத்தி தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது என்று எழுதியிருந்தது. யாருடைய கையெழுத்தும் இல்லை. 'தற்காலிகமாக' என்ற சொல்லை நம்பிச் சிலர் அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் டிபன் பாக்ஸோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. மூலப்பொருள் லாரி வருவது நின்று பல நாள் ஆகியிருந்தது. வேலை இருப்பது போலக் காட்ட, ஏற்கெனவே பார்த்து முடித்த மூடிகளையே எங்களைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உதவித்தொகை என்று ஒன்று இருப்பதை எனக்குச் சொன்னவள் என் மேஜையில் பக்கத்து நாற்காலிக்காரி. காரைக்கால் டவுனில், பெரிய பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் அவள் வீடு. என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளுடைய வாப்பா ஒரு காலத்தில் சிங்கப்பூருக்குச் சரக்கு அனுப்பியவர். புருஷன் குவைத்தில் வேலை போய் ஊர் திரும்பியிருந்தான். உம்மாவைக் காப்பீட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போனவள் அங்கே சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, வேலை போனவங்களுக்குக் கொஞ்ச மாசத்துக்குச் சம்பளத்துல ஒரு பங்கு குடுப்பாங்களாம். நம்ம சம்பளத்துல மாசாமாசம் புடிச்சாங்கல்ல, அதுலேர்ந்துதான். இத்தன வருசம் நமக்கு யாருமே சொல்லலியே."

வீட்டில் சொன்னேன். என் கணவர் குத்தகை நிலத்தில் நெல் போடுகிறார். மற்ற நாளில் டிராக்டர் ஓட்டுவார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எந்த அரசாங்க அலுவலகமும் தன் கைக்கு ஒன்றும் கொடுத்ததில்லை என்பதில் அவருக்கு ஓர் உறுதி உண்டு.

"அலைஞ்சு செருப்பு தேயறதுதான் மிச்சமாவும்" என்றார்.

அவருடைய அண்ணன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் இன்னொரு விதமாகச் சொன்னார். "வேலை செய்யாம வாங்குற காசு நமக்கு எதுக்கும்மா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"வேலை செஞ்சப்ப புடிச்ச காசுங்க மாமா" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவில்லை.

துபாயிலிருந்து என் தம்பியும் பேசினான். "விடுக்கா, அந்தக் காச நான் அனுப்பிடறேன். நீ போயி அங்கல்லாம் நிக்காத" என்றான். பாசத்தில்தான் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. நீ அனுப்புவது நீ அனுப்புவது, இது என்னுடையது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்காதே என்றேன்.

விண்ணப்பம் எல்லாம் ஆன்லைன். என் மகள்தான் போட்டுக் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் அது நின்றுபோயிற்று. நான் வேலையை விட்டு நீங்கிய தேதியைக் கம்பெனி பதிவு செய்ய வேண்டுமாம். அதைப் பதிவு செய்தால்தான் எனக்கு வேலை போயிற்று. அது வரைக்கும் எனக்கு வேலை இருக்கிறது. கேட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் அந்தத் தேதியைப் பதிவு செய்யாமல் போயிருந்தார்கள். அதைக் கேட்கப் போனபோதுதான் கவுன்ட்டர் அம்மா திரையைத் திருப்பிக் காட்டியது.

அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும். கம்பெனியிலிருந்து வாங்கி வாருங்கள் என்பார். கம்பெனி பூட்டியிருக்கிறது என்பேன். அப்படியானால் கம்பெனிதானே வந்து சொல்ல வேண்டும் என்பார். அவர் குரலில் கோபம் இருக்காது. மழை வருமா என்று கேட்டால் பதில் சொல்வது போலச் சொல்வார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதிவு செய்கிற வேலை எங்கள் ஹெச்.ஆர். சாருடையது. அவரைத் தேடினோம். நானும், பக்கத்து நாற்காலிக்காரியும், மண்டபத்தூர் அக்காவும். அந்த அக்கா கம்பெனியில் தரை கூட்டித் துடைத்தவர், கான்ட்ராக்ட் ஆள். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். எங்கள் மூன்று பேரில் வயதில் மூத்தவர். யாரைக் கண்டாலும் பயம் இல்லை. ஹெச்.ஆர். நாகூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கணக்கு எழுதுகிறார் என்று அவர்தான் விசாரித்துச் சொன்னார்.

போனோம். அன்றைக்கு ஏதோ நிக்காஹ். பின்பக்கம் பிரியாணிச் சட்டிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் எப்போதும் இன் பண்ணிய சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இருப்பவர். இங்கே சட்டையை வெளியே விட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அந்தத் தேதிய ஒரு தடவ போட்டு வுட்டுடுங்க சார்" என்றேன்.

"பாஸ்வேர்டு என்கிட்ட இல்ல. போற அன்னைக்கே ஓனர் மாத்திட்டாரு."

"ஓனர் எங்க இருக்காரு?"

"எனக்கு ஏழு மாசச் சம்பளம் பாக்கி. தெரிஞ்சா நானே போயிருக்க மாட்டேனா?"

மண்டபத்தூர் அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஒங்களுக்கும் அந்த ஒதவித்தொகை வரணும்ல தம்பி?"

அவர் வெளியே விட்டிருந்த சட்டையின் நுனியை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "நானும் போட்டிருக்கேன். எனக்கும் நிக்குது. எங்களுக்குத் தேதி போட வேண்டிய ஆள் நான்தானே."

திரும்பி வருகிற பஸ்ஸில் பக்கத்து நாற்காலிக்காரி சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வாஞ்சூர் தாண்டும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, நம்ம வேலை போச்சுன்னு சொல்றதுக்குக்கூட இங்க ஒரு ஆளுக்கு வேலை இல்ல" என்றாள்.

அன்றைக்கு இறங்கும்போதே முடிவு செய்துவிட்டோம். வாரம் ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டுத் திரும்புவது இல்லை. தினமும் போவது. அலுவலகம் திறக்கும்போது உள்ளே போய் உட்கார்ந்து மூடும்போது எழுந்து வருவது.

காப்பீட்டு அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. கவுன்ட்டருக்கு எதிரே இரும்பு பெஞ்சு. முதல் நாள் உட்கார்ந்தோம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் கவுன்ட்டர் அம்மா நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் காவலாளி வந்தார்.

"என்ன விசயமா உக்காந்திருக்கீங்க? டோக்கன் எடுத்தீங்களா?"

"எடுக்கலைங்க."

"அப்ப என்ன வேலையா வந்தீங்க?"

"வேலை இல்லைங்க. அதத்தான் இவங்க நம்ப மாட்டேங்குறாங்க. உக்காந்திருந்தா நம்புவாங்கன்னு உக்காந்திருக்கோம்."

பெஞ்சில் வேறு காரியமாக வந்து காத்திருந்த பெரியவர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். காவலாளி உள்ளே போய் மேலாளரிடம் சொன்னார். மேலாளர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

பக்கத்து நாற்காலிக்காரி ஒரு தையல் கடைக்கு ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் செய்யலாமே என்று பையில் நான்கு ரவிக்கைகளைக் கொண்டு வந்தாள். கவுன்ட்டர் அம்மா அதைப் பார்த்ததும், "இந்தா, வேலை செய்றீங்களே. அப்புறம் வேலை இல்லேங்கிறீங்க" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் ஊசியை நூலோடு அப்படியே துணியில் குத்தி மடித்துப் பைக்குள் வைத்தாள். மறுநாளிலிருந்து பை இல்லை. வெறும் கையோடு உட்கார்ந்தோம்.

எனக்கு அது கஷ்டமாக இருந்தது. மேஜையும் விளக்கும் இல்லாமல் என் கை எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. முழங்கால் மேல் வைப்பேன், எடுப்பேன், புடவை ஓரத்தை நீவுவேன். ஒருநாள் எதிர்ச் சுவரில் இருந்த டைல்ஸ்களில் எதில் கீறல், எதில் நிறம் மாறியிருக்கிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதற்கு யாரும் சம்பளம் தரவில்லை. மனத்துக்குள் ஒரு பயமும் இருந்தது. இவர்கள் இப்படியே விட்டுவிடுவார்கள், நாங்களும் இப்படியே பெஞ்சோடு பெஞ்சாகிவிடுவோம், துடைக்கிற ஆள் எங்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போவார் என்ற பயம். மண்டபத்தூர் அக்காவிடம் சொன்னேன்.

"வலை வுட்டுட்டு எம்புட்டு நேரம் சும்மா ஒக்காந்திருப்பாக தெரியுமா? அவுக சும்மாவா இருக்காக? ஒக்காரு தங்கச்சி" என்றார்.

மதியம் அங்கேயே சாப்பிட்டோம். அக்கா கொண்டுவந்த கெளுத்திக் குழம்பு வாசனை கவுன்ட்டர் வரைக்கும் போனது. சாப்பிடக் கூடாது என்று காவலாளி சொன்னார். அப்படி எழுதிப் போட்டிருக்கிறதா என்று அக்கா கேட்டார். மறுநாள் எழுதிப் போட்டிருந்தது. அன்றிலிருந்து படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆனால் ஒரு ஆள் எப்போதும் பெஞ்சில் இருப்போம். இதற்குள் கேள்விப்பட்டுக் கம்பெனியிலிருந்து இன்னும் சிலர் வர ஆரம்பித்தார்கள். மெஷின் ஓட்டிய பையன்கள் வெட்கப்பட்டுக்கொண்டு கதவோரம் நிற்பார்கள். பெஞ்சு போதவில்லை.

கடைசியில் மேலாளர் எங்களை உள்ளே கூப்பிட்டார். கடலூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயது. அவருக்கும் இந்த ஊர் புதிது.

"பாருங்கம்மா, நீங்க உக்கார்றதால ஒண்ணும் ஆகப் போறதில்ல. கம்பெனி தேதி போடலேன்னா, நாங்க நேர்ல போய்ப் பார்த்து, மூடியிருக்குன்னு அறிக்கை எழுதலாம். அப்படி ஒரு வழி இருக்கு."

இத்தனை நாளில் அப்படி ஒரு வழி இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கோபத்தை அடக்கிக்கொண்டேன். "அப்ப போய்ப் பாருங்க சார்."

"அதுக்கு வண்டி வேணும். வண்டி பாண்டிச்சேரிலேர்ந்து வரணும். கேட்டு எழுதியிருக்கேன்."

பாண்டிச்சேரியிலிருந்து வண்டி வர வேண்டும். பெயருக்குக் காரைக்காலும் அந்த மாநிலம்தான், ஆனால் நடுவில் தமிழ்நாட்டின் நான்கு ஊர்களைத் தாண்டித்தான் அது எங்களிடம் வந்து சேரும். எதற்கும் அங்கிருந்துதான் வர வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பழகிப்போன காது எங்களுடையது.

"கீழ ஆட்டோ இருக்கு சார். என் கொழுந்தனுதுதான். வாங்க" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.

"உங்க வண்டியில நான் ஏறக் கூடாதும்மா. நாளைக்கு யாராவது ஏதாவது சொல்லுவாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் கொஞ்சம் யோசித்தேன். "சரிங்க சார். பஸ்ல வாங்க. டிக்கெட்ட நீங்களே எடுத்துக்குங்க. நாங்க வேற சீட்டுல உக்காந்துக்கறோம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. யாரும் நகரவில்லை. அவர் போனை எடுத்தார், வைத்தார். பிறகு மேஜை மேலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார், அதையும் விட்டுவிட்டு எழுந்தார். கவுன்ட்டர் அம்மா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்க, மேலாளர் முன்னால் போக, நாங்கள் பின்னால் படி இறங்கினோம்.

நாகப்பட்டினம் போகிற பஸ். நல்ல கூட்டம். மேலாளர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தார். நிரவியில் ஒரு இடம் காலியானது, அவர் உட்காரவில்லை. இறங்கி, மெயின் ரோட்டிலிருந்து கம்பெனிக்கு நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் கருவேலம். நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். "தினம் இப்படியா வருவீங்க?" என்று கேட்டார். வேன் வரும் சார், வேன் நின்றதால்தான் இப்போது நடக்கிறோம் என்றேன்.

கேட் அப்படியே இருந்தது. பூட்டு துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. உள்ளே லாரி நிற்கிற சிமென்ட் தளத்தின் வெடிப்புகளில் முழங்கால் உயரத்துக்குப் புல். அதில் நான்கைந்து ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காவல்காரப் பெரியவர் பக்கவாட்டுச் சின்னக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

மேலாளர் போனை எடுத்துப் பூட்டைப் படம் பிடித்தார். கேட்டை, பெயர்ப் பலகையை, ஆடுகளைப் படம் பிடித்தார். பிறகு காவல்காரரிடம் முறைப்படி ஒரு கேள்வி கேட்டார்.

"கம்பெனி ஓடுதாங்க?"

"ஓடுனா நான் எதுக்குங்க இங்க ஆடு கட்டறேன்?"

மேலாளர் எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் நாங்கள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றோம். மெஷின் பையன்களில் ஒருவன் கம்பிகளுக்கு இடையே உள்ளே எட்டிப் பார்த்து, தன் சைக்கிள் இன்னும் ஸ்டாண்டில் இருக்கிறது என்றான். வெளியே எடுத்துத் தரச் சொல்லிக் காவல்காரரிடம் கேட்டான். அவர் மேலாளரைப் பார்த்தார். அதற்கும் நான்தான் சொல்ல வேண்டுமா என்று கேட்டுவிட்டு மேலாளர் தலையாட்டினார். பையன் காற்றில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களோடு மெயின் ரோடு வரைக்கும் வந்தான்.

அறிக்கை போயிற்று. திரையில் பச்சைச் சொல் மாறியது. எனக்கு வேலை போயிற்று என்று கவுன்ட்டர் அம்மா சொன்னபோது எங்களுக்குள் ஒரு சந்தோஷம். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு என்னவென்று புரிந்திருக்காது.

ஆனால் பணம் வரவில்லை. ஃபைல் பாண்டிச்சேரியில் இருக்கிறது என்றார்கள். ஐப்பசி பிறந்தது, மழை பிடித்துக்கொண்டது. அங்கே நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டால் சீக்கிரம் நகரும் என்று மேலாளர் ஒருநாள் மெதுவாகச் சொன்னார்.

"நான் போக மாட்டேன் சார்" என்றேன். "அனுப்புனது நீங்க. வாங்கிக் குடுக்க வேண்டியதும் நீங்க. பாண்டி பஸ்சுக்குக் காசு குடுக்க எனக்கு வேலை இல்ல. அதத்தான் அந்த ஃபைல்லயே எழுதியிருக்கு."

அவர் வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதினார் என்று பிறகு தெரிந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பாராட்டவும் மாட்டேன். அது அவருடைய வேலை.

தீபாவளிக்கு முன்னால் பாரதியார் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் ஆள் கேட்டார்கள். எடுத்துக்கொண்டார்கள். பருத்திப் புடவைப் பிரிவு. சேர்ந்த அன்று மாலையே காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய், எனக்கு வேலை கிடைத்துவிட்டது, இன்றைய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். கவுன்ட்டர் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா வந்து சொல்றீங்க? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது. இனிமே வர்ற மாசத்துக்கும் சேர்த்து வருமே."

அவர் எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். இத்தனை மாதத்தில் அவர் எனக்காகக் குரலைத் தாழ்த்தியது அதுதான் முதல் தடவை. ஆனாலும் சொன்னேன். "வேலை இல்லாதப்ப இருக்குன்னு காட்டுனீங்க. இப்ப இருக்கு. இல்லேன்னு நான் காட்ட மாட்டேன்."

அந்த உண்மைக்கு ஒரு விலை வந்தது. ஒரு வாரம் கழித்துப் பாண்டிச்சேரியிலிருந்து போன். கடையில் ஒரு அம்மாவுக்கு முன்னால் பத்துப் புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஓர் ஆண் குரல், மரியாதையாகத்தான் பேசியது.

"நீங்க இப்ப வேலைக்குப் போயிட்டீங்கன்னு தகவல் வந்திருக்கு. அப்ப இந்த கிளெய்ம் தேவையில்லதானேம்மா? வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஒரு வரி எழுதி அங்க குடுத்துட்டீங்கன்னா ஃபைல மூடிடலாம்."

"மூட வேண்டாம் சார்."

"இல்லம்மா, இப்பதான் உங்களுக்குச் சம்பளம் வருதே."

"இப்ப வருது. நான் கேக்கறது வராத மாசத்துக்கு. அந்த மாசமும் நாங்க சாப்பிட்டோம் சார். மகளுக்குப் பீஸ் கட்டுனோம். எப்படிக் கட்டுனோம்னு நீங்க கேக்க வேணாம். நீங்க லேட்டாக்குனதுக்கு நான் எழுதிக் குடுக்க முடியாது. குடுக்க முடியாதுன்னா, முடியாதுன்னு நீங்க எழுதி அனுப்புங்க. அத வச்சுக்கிட்டு நான் மேல கேக்கறேன்."

புடவை பார்க்க வந்த அம்மா கையில் எடுத்த புடவையை அப்படியே வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு அடுத்த புடவையைப் பிரித்தேன். அவர் பிரித்துக் கிடந்ததில் ஒன்றைக் காட்டினார். அந்த மாம்பழ நிறத்தை எடுத்துக் கொடுங்கள் என்றார். பில் போட்டுவிட்டுப் போகும்போது திரும்பி, "விட்டுடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

மார்கழியில் பணம் வந்தது. கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் அதிர்ந்தது. செய்தியைப் படித்துவிட்டு மகளுக்கு அனுப்பி அவளையும் ஒரு தடவை படிக்கச் சொன்னேன். பக்கத்து நாற்காலிக்காரிக்கும் அன்றே வந்துவிட்டது. மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். "அல்ஹம்துலில்லாஹ், நம்ம ஹலாலான காசுக்கா" என்றாள். யாரும் எங்களுக்குக் கொடுக்கவில்லை, எங்களுடையது எங்களுக்கு வந்தது என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஹெச்.ஆர். சாரும் கூப்பிட்டார். "மேடம், எனக்கும் வந்துடுச்சு" என்றார். அத்தனை வருடத்தில் அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டதில்லை.

என் கணவரிடம் காட்டினேன். போனைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "செருப்பு தேஞ்சுதான் போச்சு" என்று என் காலைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் நெடுங்காடு கடையில் எனக்கு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தார்.

மண்டபத்தூர் அக்காவுக்கு வரவில்லை.

கான்ட்ராக்டர் அவர் வேலை பார்த்த நாட்களில் பாதிக்குமேல் கணக்கில் காட்டவே இல்லை. கட்டிய நாட்கள் போதாது, தகுதி இல்லை என்று பதில் வந்தது. மாடியில் அதைக் கேட்டபோது நாங்கள் மூன்று பேரும் மறுபடியும் அந்தக் கவுன்ட்டருக்கு முன்னால்தான் நின்றோம். கவுன்ட்டர் அம்மா ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "உங்க வீட்டுக்குத்தான் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வருதேம்மா" என்றார்.

"அது கடலுக்குத் தாயி" என்றார் அக்கா. "நான் கேக்கறது நான் கூட்டுன தரைக்கு."

தொழிலாளர் துறையில் மனு போட்டோம். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கான்ட்ராக்டர் வரவில்லை, ஒரு ஆளை அனுப்பியிருந்தார். இந்த அம்மா எப்போதாவது வந்து போவார், தினமும் வந்தவர் இல்லை என்று அந்த ஆள் சொன்னான். அதிகாரி அக்காவைப் பார்த்து, தினமும் வந்ததற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

அக்கா எங்களைக் காட்டினார். "இவுகதான் இருக்காக."

அன்றைக்கு எல்லாரும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தோம். நான், பக்கத்து நாற்காலிக்காரி, மெஷின் பையன்கள், நாகூரிலிருந்து ஹெச்.ஆர். சார், தலையில் துண்டு கட்டிய காவல்காரப் பெரியவர்கூட. ஒவ்வொருவராக முன்னால் போய், தினமும் காலையில் நாங்கள் உள்ளே நுழையும்போது இந்த அக்கா தரை துடைத்துக்கொண்டிருப்பார், ஈரம் காயும் வரைக்கும் வாசலில் நிற்கச் சொல்வார், மீறி மிதித்தால் திட்டுவார் என்று சொன்னோம். காவல்காரர், தன்னையும் திட்டியிருக்கிறார் என்றார். ஹெச்.ஆர். சார் கொஞ்சம் தயங்கினார். பிறகு, தினமும் வந்தார், நான் பார்த்திருக்கிறேன், நான் சொன்னால் கான்ட்ராக்டருக்குப் பிடிக்காது, பரவாயில்லை என்றார். கான்ட்ராக்டரின் ஆள் போனில் யாருக்கோ எதையோ தட்டிக்கொண்டிருந்தான். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார்.

கான்ட்ராக்டரே நேரில் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வருவாரா என்று தெரியாது. அவர் வராவிட்டால் அதற்கடுத்த மாதம். அக்கா அதைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. தை மாதத்தில் கடல் நன்றாக இருக்கிறது, மீன் வருகிறது, விசாரணைக்கு வருகிற அன்று எல்லாருக்கும் வஞ்சிரம் வறுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அந்தத் தேதிக்குக் கடையில் இப்போதே லீவு சொல்லிவிட்டேன். முதலாளி முகத்தைச் சுளித்தார். பண்டிகை முடிந்தாலும் கூட்டம் இருக்கும்மா, இன்னொருத்தர் காரியத்துக்கு நீங்கள் எத்தனை தடவை போவீர்கள் என்று கேட்டார். முடிகிற வரைக்கும் போவேன், அன்றைய சம்பளத்தை வேண்டுமானால் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பிரித்துக் கிடந்த புடவைகளை மடிக்க ஆரம்பித்தேன்.